உண்ணாமுலை என்னும் திருநாமம்

(அடி அண்ணாமலைத் திருக்கோயில் ஆடிப்பூர விழாச் சொற்பொழிவு)



அம்மைக்கு வளையல் சாத்தி மகிழும் இந்நன்னாளில் அவள் திருநாமத்தைப் பற்றியே சில கூற விழைகின்றேன். இம்மலையைச் சூழ்ந்த ஊர்களில் உண்ணாமுலை என்று பெண்மகவுக்குப் பெயரிடுதல் நெடுநாளைய வழக்கம். இன்றோ அப்பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதப் பெற்றோர் பலர் நாணுகின்றனர். அது நாணத்தக்க பெயர்தானா?

'உண்ணாமுலை' என்பதற்கு, மகவு வாய்வைத்து உண்ணாத முலையை உடையவள் என்பது பொருள். ஐங்கரனும் அறுமுகனும் அம்மையின் திருவயிற்றில் உதித்தவரல்லர். அறுமுகனுக்குப் பாலூட்டியவர் கார்த்திகைப் பெண்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பாடிய பதிகம் இத்திருநாமத்தைக் கொண்டே தொடங்குகிறது.

வடமொழியில் இவள் அபீதகுசாம்பாள். 'பீத' என்றால் பருகப்பட்டது. 'அபீத' என்றால் பருகப்படாதது. 'குசம்' என்பது முலை. 'அம்பா' என்பது தாய். வடமொழியில் 'அஞ்சாதவள்' என்று பொருள்படும் சொல்லொன்றும் உண்டு. ஒலியில் வேறாயினும் தமிழெழுத்தில் அதுவும் 'அபீதா' என்றே அமையும். அதனால் இப்பெயருக்கு அச்சமற்றவள் என்று பொருள் கூறுவாரும் உளர். ஆயினும் அம்மையின் நாமத்துக்கு அது பொருளன்று.

மக்கள் வழக்கில் இப்பெயர் பல வடிவு கொண்டது. அண்ணாமலை என்னும் பெயரோடு இயைந்து 'உண்ணாமலை' என்றாயிற்று. நகரத்தார் இல்லங்களில் உண்ணாமலை ஆச்சி எனப் பெயர் பூண்டோர் பலர். அபீதகுசாம்பாள் சுருங்கி 'அபிதா' ஆனாள். லா. ச. ராமாமிருதம் 1970-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரும் அதுவே.

இனி என் இல்லத்துச் செய்தி ஒன்று. என் பெரிய தாயாரின் பெயர் உண்ணாமுலை. அவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. "பெயர் பலித்துவிட்டது" என்று அயலார் எள்ளினர். பெயரையே மாற்றிக்கொள்ள எண்ணி, கோயிலில் முதிய ஓதுவார் ஒருவரிடம் சொல்லி அழுதார். அவர் கூறிய விடை இது: "அம்மா! சீகாழிக் குளக்கரையில் மூன்றாண்டுக் குழந்தை அழுதபோது, அம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்தன்றோ ஊட்டினாள்? மார்பில் வைத்து ஊட்டாமையால் அவள் நாமமும் பொய்க்கவில்லை. பிள்ளையின் பசியும் தீர்ந்தது. அப்பால் உண்டு ஞானம் பெற்ற பிள்ளையே பின்னர் இங்கு வந்து அவளை உண்ணாமுலை என்று பாடினார். பெறாதவளுக்குத் தாய்மை இல்லை என்று யார் சொன்னது?"

அன்றுமுதல் அவர் அப்பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னார். சில ஆண்டுகள் கழித்து என்னை ஈன்றவள் மறைந்தாள். பச்சிளங் குழந்தையாகிய என்னை மடியில் கிடத்தி, பாலாடையில் ஆவின்பால் புகட்டி வளர்த்தவர் அவரே. இம்மேடையில் நான் நின்று பேசுவது அந்தப் பாலின் வலிமையால்.

தாய்மார்களே! பேத்திக்கு உண்ணாமுலை என்றே இடுங்கள். உண்ணாமலை என்றோ அபிதா என்றோ அழைத்தாலும் குற்றமில்லை. ஆனால் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். மகப்பேறில்லாத மங்கை யாரேனும் இவ்வவையில் இருந்தால், அவள் சந்நிதிக்குச் சென்று அந்நாமத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். உலகனைத்துக்கும் தாயானவள் பூண்டிருக்கும் பெயர் அது.

திருச்சிற்றம்பலம்.