கொல்லையும் அடுப்பும் காத்த தமிழ்

(உத்திரமேரூரில் ஆனித் திங்கள் இறுதியில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கொல்லைக் காய்கறியையும் வீட்டுச் சமையலையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிந்ததும் நண்பர் ஒருவர் நகைத்தார். "தொல்காப்பியம் பேச வேண்டிய புலவர் கத்தரிக்காய் பேசப் போகிறாரோ?" என்று கேட்டார். ஆம், கத்தரிக்காயைத்தான் பேசப் போகிறேன். நம் மொழி மேடையில் வாழ்கின்றதா, கொல்லையில் வாழ்கின்றதா என்று கேட்டால், கொல்லையில் வாழ்ந்ததனால்தான் மேடையில் பேச நமக்கு மொழி மிஞ்சியிருக்கிறது என்பதே என் விடை. அதனை மெய்ப்பிப்பதற்கே இங்கு வந்து நிற்கிறேன்.

நாம் கூடியிருக்கும் ஊர் எளிய ஊரன்று. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்த குடவோலை முறையை அவை சொல்கின்றன. அதனை நாம் அனைவரும் பெருமையோடு பேசுகிறோம். ஆனால், அங்ஙனம் எடுக்கப்பட்டோர் என்ன பணி செய்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பன்னிருவர் ஆட்டை வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். ஏரியைக் காக்க அறுவர் என்றால், தோட்டத்தைக் காக்கப் பன்னிருவர்! ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் தோட்டத்திற்கென்று தனி வாரியம் வைத்த ஊர் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அவை பார்ப்பனர் அவை. வரி செலுத்தும் நிலமும், தம் மனையும், வடமொழி மறைப் பயிற்சியும் உடையார்க்கே குடத்தில் ஓலை விழுந்தது. ஏற்றம் இறைத்தவர்க்கும் மண்வெட்டி பிடித்தவர்க்கும் அங்கே இடமில்லை; பெண்டிர்க்கும் இல்லை. ஆயினும் கல்வெட்டின் சொற்களைக் கூர்ந்து பாருங்கள். ஓராண்டு ஆட்சி செய்த வாரியத்திற்குச் 'சம்வத்சர வாரியம்' என்று வடசொல் வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டமும் ஏரியுமோ தமிழாகவே நின்றன. ஆட்சியில் அயற்சொல் ஏறிற்று. மண்ணும் நீரும் இருந்த இடத்தில் ஏற முடியவில்லை. உழைக்கும் கை எங்குள்ளதோ அங்கே தமிழ் நின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வீட்டை ஒட்டிய தோட்டத்திற்குப் படப்பை என்று பெயரிட்டனர் கழகக் காலச் சான்றோர். அச்சொல்லையே பெயராகத் தாங்கிய ஊரொன்று இன்றும் நம் காஞ்சி மாவட்டத்தில் உள்ளது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தோட்டக்குடியினர் தம் மனைக்கு வந்த பாணர்க்குப் பலாவும் இளநீரும் வாழைப்பழமும் சேம்பின் கிழங்கும் கொடுத்து ஓம்பினர் என்று வருகிறது. அங்காடிக்கு ஓடாமல் மனைப்புறத்திலிருந்தே விருந்தோம்பினர்! நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனாரோ, இன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதியான இடைக்கழிநாட்டைச் சார்ந்தவர். அவர் தம் சிறுபாணாற்றுப்படையில், வறுமையுற்ற பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்டதைக் காட்டுகிறார். வளத்திலும் கொல்லை சோறிட்டது. வறுமையிலும் கொல்லையே சோறிட்டது.

இனி அடுப்படிக்கு வருவோம். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்றில், புதுமனைவி ஒருத்தி தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு ஆக்குகிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மலர்கிறது. தாளிப்புக்கு அக்காலத்துச் சொல் 'குய்' என்பது. புலவர் வாயிற் பிறந்த சொல்லன்று அது. அடுப்படியிற் பிறந்த சொல்லைப் புலவர் கடன் வாங்கினார்.

தாய்மார்களே, உங்கள் அடுப்படியில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கிழங்கை அவிக்கிறீர்கள். வாழையிலையை அனலில் வாட்டுகிறீர்கள். வெங்காயத்தைச் சிறிது எண்ணெயில் வதக்குகிறீர்கள். மிளகை வறுக்கிறீர்கள். அப்பளத்தைப் பொரிக்கிறீர்கள். கத்தரியைத் தணலில் சுடுகிறீர்கள். கீரையை மத்தால் கடைகிறீர்கள். பருப்பை மசிக்கிறீர்கள். கடுகைத் தாளிக்கிறீர்கள். ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் சொன்னால் கறி கெட்டுவிடும். இவ்வினைகளினின்றே அவியல், வதக்கல், வறுவல், பொரியல், கடையல், மசியல், துவையல் என்னும் பெயர்கள் பிறந்தன. கழகக் காலத்தில் மிளகைக் குறித்த 'கறி' என்னும் சொல் இன்று சமைத்த காயைக் குறிக்கிறது. கடல் கடந்து ஆங்கிலத்திலும் 'கரி' என்று குடியேறிவிட்டது. நம் மிளகுதண்ணீரும் 'மல்லிகடானி' என்று வெள்ளையன் உணவுப் பட்டியலில் ஏறிற்று. உலகுக்குச் சொல் கொடுத்த அடுப்பு, இன்று சாற்றை 'ரசம்' என்றும், சோற்றை 'சாதம்' என்றும், குழம்பைக் 'கிரேவி' என்றும், வறுவலை 'ஃபிரை' என்றும் பிறரிடம் இரந்து நிற்பது முறையோ?

அயல்நாட்டுச் செடி வந்தால் அயல்நாட்டுச் சொல்லும் வந்துதானே தீரும் என்பார் உளர். தீராது. 1498-இல் போர்த்துகீசியர் நம் மேலைக்கடற்கரையில் இறங்கிய பின்னர், அமெரிக்கக் கண்டத்துக் காயொன்று இங்கே வந்தது. அதைக் கொல்லையில் ஊன்றிய நம் மக்கள், மிளகுபோல் உறைக்கும் காய் என்று கண்டு 'மிளகாய்' என்றனர். உருண்ட கிழங்கை உருளைக்கிழங்கு என்றனர். நம் மண்ணில் முன்பே இருந்த சிறு தக்காளியின் பெயரைப் புதிதாய் வந்த பெரிய பழத்திற்கும் சூட்டினர். இச்சொற்களை ஆக்கிய அறிஞர் குழு எது? எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் உழத்தியும் ஆக்கினர்! கேரட்டுக்கு 'மஞ்சள் முள்ளங்கி' என்று புலவர்களாகிய நாம் அகரமுதலியில் எழுதி வைத்தோம். அது அடுப்படியில் ஏறவில்லை. ஊன்றி, நீரூற்றி, பறித்துச் சமைத்தவர் இட்ட பெயர் நிலைத்தது. ஏட்டில் மட்டும் இட்ட பெயர் ஏட்டோடு நின்றது. தனித்தமிழ் அன்பர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

தனித்தமிழ் இயக்கமே ஒரு வீட்டுத் தோட்டத்திற் பிறந்ததாகத்தான் சொல்கின்றனர். 1916-இல் பல்லாவரத்தில் மறைமலையடிகளார் தம் மகள் நீலாம்பிகையாரோடு தோட்டத்தில் உலவுகையில் வள்ளலார் பாட்டொன்றைப் பாடினார். அதில் 'தேகம்' என்னும் வடசொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் எத்துணைச் சிறப்பு என்று மகளுக்கு எடுத்துரைத்தார். அன்று எழுந்ததே தனித்தமிழ் உறுதி. அவ்வழி வந்த நாம் தோட்டத்தைத் துறக்கலாமா?

சில கிழமைகட்கு முன் வகுப்பில் பிள்ளைகளை வினவினேன்: "கொடியில் காய்க்கும் காய்கள் ஐந்து சொல்லுங்கள்." ஒருவன் 'பீன்ஸ்' என்றான். ஒருத்தி புடலை என்றாள். மூன்றாவது காய்க்கு வகுப்பே வாய் திறக்கவில்லை. பீர்க்கு, பாகல், சுரை, அவரை, கோவை எல்லாம் அவர்கட்குத் தெரியாத அயலார் பெயர்களாகிவிட்டன. பிள்ளைகள்மேல் குறையில்லை, கண்ணிற் காணாத கொடியின் பெயர் நாவில் எப்படி நிற்கும்?

குறை நம்முடையது. அதில் என் பங்கும் உண்டு. என் அன்னையார் எங்கள் கொல்லையில் கத்தரி வகையொன்று வளர்த்தார். வெளிர்பச்சையில் ஊதா வரியோடிய சிறிய காய். முற்றிய பழத்தை அறுத்து, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி உலர்த்திக் கலயத்தில் கட்டி வைப்பார். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார். நானோ ஊதியம் வந்த செருக்கில், சேறாகிறது என்று சொல்லிக் கொல்லையைச் சிமிட்டித் தரையாக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துக் கலயத்தைக் கண்டெடுத்து விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்தக் கத்தரிக்கு என்ன பெயர் என்று அவரைக் கேட்டதுமில்லை. பின்னர் என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றபோது அதே செடி காய்த்து நின்றது. மணமாகிப் போகையில் அன்னையார் முந்தானையில் முடிந்து கொடுத்த விதையாம். "இது வரிக்கத்தரி, உனக்குத் தெரியாதா?" என்று தமக்கையார் கேட்டார். இரண்டகவை தமிழ் படித்த எனக்குத் தெரியாத சொல், மூன்றாம் வகுப்போடு நின்ற அவர் வாயில் இருந்தது. அன்று நான் தலைகுனிந்தேன்.

விதை போனால் சொல் மட்டுமா போகும்? உரிமையும் போகும். ஒட்டு விதையை ஒருமுறை விதைத்தால், அதன் வித்து தாய்போல் காய்க்காது; மறுமுறையும் கடையில்தான் வாங்க வேண்டும். மரபணு மாற்றிய கத்தரி நம் வயலுக்கு வரவிருந்தபோது உழவரும் அறிவியலாளரும் எதிர்த்தனர். 2010 பிப்ரவரியில் நடுவண் அரசு அதனை நிறுத்தி வைத்தது. நாட்டு விதை காக்க ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் ஐயா 2013-இல் மறைந்தார். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதென்றால், அது அங்குள்ள உழவர் தலைமுறை தலைமுறையாக விதை காத்ததன் பயன்.

இனி நாம் செய்ய வேண்டுவது என்ன? ஒரு செண்டு நிலம், அஃதாவது 435 சதுர அடி இருந்தால் போதும். அதிற் பாதி இருந்தாலும் தொடங்கலாம். ஆடிப்பட்டம் வருகிறது. வேலியோரம் அவரையும் பீர்க்கும் ஊன்றுங்கள். மூலையில் முருங்கைப் போத்து ஒன்று நடுங்கள். ஏனம் கழுவும் நீர் ஓடும் வழியில் வாழையும் சேம்பும் வையுங்கள். முளைக்கீரையை ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள்; ஒரு திங்களில் பறிக்கத் தொடங்கினால் இடைவிடாது கிடைக்கும். வெண்டை ஒன்றரைத் திங்களில் காய்க்கும். கத்தரியை நாற்றுவிட்டு எடுத்து நடுங்கள். அவரை பனிக்காலத்தில் பூத்துத் தைப்பொங்கல் கூட்டுக்குக் காய் தரும்.

அப்போது ஐவர் உள்ள வீட்டில் ஒரு நாள் உணவு எப்படி அமையும்? கத்தரியும் முருங்கையும் இட்ட புளிக்குழம்பு. பூண்டும் சீரகமும் சேர்த்துக் கடைந்த கீரை. தேங்காய் துருவிய அவரைப் பொரியல். பீர்க்கின் சதை கூட்டுக்கு. சீவிய தோலை வதக்கி, மிளகாயும் புளியும் உப்பும் வைத்து அரைத்தால் துவையல். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மிளகுச்சாறு. எஞ்சிய தழையும் தோலும் எருக்குழிக்கு. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தவிரக் கடையில் வாங்க வேண்டியவை மிகச் சிலவே. சோற்றைப் பரிமாறும்போது ஒவ்வொன்றின் பெயரையும் பிள்ளைகட்குச் சொல்லுங்கள். அவர்களைக் கொண்டே பறிக்கச் செய்யுங்கள்.

ஆடவர்க்கு ஒரு சொல். தமிழைத் தாய் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் தாயையும் மனைவியையும் புகையில் விட்டுத் திண்ணையில் அமர்ந்திருத்தல் தமிழ்ப்பற்றாகாது. மண்ணைக் கொத்துங்கள், நீர் இறையுங்கள், காய் நறுக்குங்கள், சமைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அவ்வினைச்சொற்கள் நம் கைக்கும் வரட்டும். என் வீட்டுச் சிமிட்டித் தரையில் பாதியைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டேன். தமக்கையார் தந்த வரிக்கத்தரி இப்போது நாற்றாக நிற்கிறது.

வாயிலில் ஒரு முறத்தில் சிறு சிறு பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். அவரை, பீர்க்கு, வரிக்கத்தரி விதைகள் அவற்றில் உள்ளன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். விலையில்லை, ஆனால் ஒரு கடன் உண்டு. வரும் தைத் திங்களில் இதே இடத்தில் கூடுவோம். அன்று ஒவ்வொருவரும் ஒரு பிடி விதையையும், உங்கள் வீட்டு மூதாட்டியரிடம் கேட்டறிந்த காய்கறிப் பெயர் ஒன்றையும் கொண்டுவந்து தர வேண்டும். விதையை அடுத்த ஊருக்குக் கொடுப்போம்; பெயரை ஏட்டில் எழுதிப் பள்ளிப் பிள்ளைகட்குக் கொடுப்போம்.

மூதாட்டியர் உள்ளபோதே கேளுங்கள். நான் கேட்கத் தவறியதுபோல் நீங்களும் தவறிவிடாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்!