எந்தத் தாளில் எழுதுகிறோம்?

(ராஜபாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர்கள் பேசியது)



நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம். குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கிய புதிதில் எங்களிடம் நடந்த ஒரு தப்பைச் சொல்கிறோம்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா கடன் தவணையாக ஆயிரம் ரூபாய் கட்டினார். நாங்கள் அதைச் சேமிப்புத் தாளில் பதிந்துவிட்டோம். திரையில் இரண்டு தாளும் பார்க்க ஒரே மாதிரி. அடுத்த மாதம் அவர் பெயருக்கு நேரே ‘தவணை பாக்கி’ என்று வந்தது. கேட்டிருந்த புதுக் கடனும் நின்றுபோனது. “நான் கட்டிட்டேன்ல, தாயி?” என்று கூட்டத்திலேயே அழுதார். அவர் கையில் பாஸ் புத்தகம் இருந்ததால்தான் தப்பு எங்களுடையது என்று தெரிந்தது. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டோம்.

அதற்குப் பிறகுதான் திரையைச் சரியாகப் பார்க்கக் கற்றோம். அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் தனித்தனி அறையில் இருப்பதால்தானே அவசரத்திலும் கை தப்பாமல் போகிறது? எக்செல்லிலும் அப்படித்தான். முன்பு மெனுவைத் திறந்து திறந்து தேட வேண்டும். 2007 பதிப்பிலிருந்து பொத்தான்களை வேலைவாரியாகப் பிரித்து, ‘ரிப்பன்’ என்று மேலே பட்டையாக வைத்துவிட்டார்கள். அந்தப் பட்டை திடீரென்று மறைந்தால் பயந்துறாதீங்க. கண்ட்ரோலையும் எஃப் 1-ஐயும் சேர்த்து அமுக்கினால் திரும்ப வரும். கணக்கு எங்கேயும் போகாது.

திரையின் அடியில் தாள்களின் பெயர்கள் இருக்கும். கண்ட்ரோலோடு பேஜ் டவுன் அமுக்கினால் அடுத்த தாள், பேஜ் அப் அமுக்கினால் முந்தின தாள். பெயர் மேல் இரண்டு தடவை கிளிக் செய்து ‘சேமிப்பு’, ‘கடன்’, ‘ரொக்கம்’ என்று நாமே எழுதலாம். வலது கிளிக் செய்து நிறமும் கொடுக்கலாம். நாங்கள் சேமிப்புக்குப் பச்சை, கடனுக்குச் சிவப்பு வைத்திருக்கிறோம். வியூ பகுதியில் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், கணக்கைத் தள்ளிக்கொண்டே போனாலும் உறுப்பினர் பெயர் கண்ணை விட்டு நகராது.

தொகையைத் தட்டும் முன்னே தாளின் பெயரை வாய்விட்டுப் படிப்போம். பதிந்ததும் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் தெரியாத அக்காமாரும் சும்மா இருக்க வேண்டாம். “இது எந்தத் தாள்? என் கடன் தாளைக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது நம்ம பணம்.