தாயும் சேயும் தையற்புண்ணும்



பிரசவ வார்டுகளில் கால்கடுக்க நின்றே காலங்கழித்த என்னை, உட்கார்ந்தபடி நடத்தவேண்டிய இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியிருக்கிறீர்கள். பழக்கமில்லாத சுகமாகையால் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

நம் பொருளுக்கு வருமுன் ஒரு பழைய கதை. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் பேறு பார்த்தார்கள். பிரசவ ஜன்னியால் முதற்பிரிவில் மாள்வோர் மிகுதி என்பதன் காரணத்தைப் பண்டிதர்கள் தர்க்கித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, நிறைவயிற்றோடு வந்த ஏழைப் பெண்கள் ஆபத்தை நன்கறிந்து, அந்தப் பிரிவில் மட்டும் சேர்க்கவேண்டாமென்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே கேடென்று ஊகித்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி கட்டளையிட, ஏப்ரலில் 100க்கு 18ஆக இருந்த சாவு ஜூனில் ஏறக்குறைய 2ஆக இறங்கிற்று. ஆயினும் சகாக்களுக்கு அதை இதமாக எடுத்துரைத்து இணங்கவைக்கும் சாமர்த்தியம் அவருக்கு வாய்க்கவில்லை. நூலாக எழுதி வெளியிட்டதும் 1861இல்தான். அறிந்தவருக்கும் கேட்கவேண்டியவருக்கும் நடுவே கிடந்த அந்த இடைவெளியைத்தான் ‘நோயாளிக் கல்வி’ என்ற பெயரால் இன்று நாம் ஆராய வந்திருக்கிறோமென்பது என் அபிப்பிராயம்.

அந்த இடைவெளியில் நானும் விழுந்து எழுந்தவள். சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள், உதடு உலர்ந்து கிடந்த ஒரு பெண்ணிடம், “நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும்” என்று சொன்னேன். “சரிங்க சிஸ்டர்” என்றாள். பிற்பகலில் போய்ப் பார்த்தால் காலையில் ஊற்றிய பிளாஸ்க் நிறைந்தபடியே இருக்கிறது. டம்ளர் மாமியார் மடியில் இருக்கிறது. நான் பாடம் சொன்னது கட்டிலில் படுத்திருந்தவளுக்கு. உத்தரவு பிறப்பதோ பக்கத்து ஸ்டூலிலிருந்து! கோபத்தை விழுங்கிக்கொண்டு அந்த அம்மாளின் அருகில் உட்கார்ந்து விசாரித்தபோது, தம் தங்கைக்குத் தையலில் சீழ் வைத்துப் பட்ட பாட்டையெல்லாம் சொல்லி, “தண்ணி குடிச்சா புண்ணு ஆறாதுன்னு அப்பவே சொன்னாங்கம்மா” என்றார். அது மூடத்தனமன்று, பயம். தையலைத் திறந்து காட்டி, சுற்றிலும் சிவந்து தடித்தாலோ, நீர் கசிந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே எங்களிடம் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். “அப்போ, கொதிக்கவெச்சு ஆறினதா கொடுக்கட்டுமா?” என்று கேட்டு, டம்ளரை அவரே மருமகளின் வாயில் வைத்தார்.

சிசுவின் விஷயமும் இவ்வாறே. தாய்க்குத் தடுப்பூசியும் சுத்தமான பேறுகாலமும் வாய்த்ததால், 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக எல்லா மாவட்டங்களிலும் தணிந்து, பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது. எனினும் தொப்புள்கொடியில் சாம்பலோ எண்ணெயோ தடவும் கை இன்னும் ஓய்ந்தபாடில்லை. சுத்தமாகவும் உலர்ந்தும் விட்டால் அது தானே விழும். பிறந்த ஒருமணி நேரத்துக்குள் தரவேண்டிய சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை தொட்டுவைக்கும் வழக்கத்தையும் தாயிடம் மட்டும் பேசி மாற்ற முடியாது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுக்கு நான் ஆட்சேபம் சொல்வதில்லை. கண்ணுக்குள் தீட்டும் மையைத்தான் விடாமல் தடுக்கிறேன். எல்லாவற்றோடும் சண்டையிட்டால் எதுவும் நடவாது.

இவ்வளவையும் எப்போது சொல்கிறோம்? வாசலில் ஆட்டோ காத்திருக்க, குழந்தை வீரிட, கையில் ஒரு காகிதத்தைத் திணித்து ஒரே மூச்சில் ஒப்பிக்கிறோம்; “புரிந்ததா?” என்றால் யார்தான் இல்லையென்பார்? கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லவைக்க மூன்று நிமிஷம் போதும்.

ஆகையால் கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: முடிவுரையை மேடைத் தமிழில் படித்தபின், அதையே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த மாமியாரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள். முதற்கட்டுரை, தையற்புண் பராமரிப்பு. வாசிக்க வருமாறு அழைக்கிறேன்.