உறுப்பினர் பட்டியலும் வரிசை முறையும்



நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றி அகரவரிசைப்படுத்தும் பணியை இவ்வாண்டு நாம் மேற்கொண்டோம். ஒரு நொடியில் முடியும் என்றே எண்ணினோம். முதற் படியிலோ கணபதி முன்னும் கண்ணன் பின்னும் நின்றனர். மல்லிகாவை முந்திக்கொண்டு மனோன்மணி அமர்ந்திருந்தார். பள்ளியில் தெலுங்கு பயின்று, வீட்டிலே நெடுங்கணக்கு ஓதும் நம் பிள்ளைகள் தம் பெயரைத் தேடும் பக்கம் அதுவன்றோ? அதனைப் பிழைபட வழங்க மனம் ஒப்பவில்லை.

எண்ணாயின் கணிப்பொறிக்குத் தயக்கமில்லை. ஏழுக்குப் பின் ஒன்பது என அறியும். உறுப்பினரோ பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு எனப் பல பண்புகள் ஒருங்கமைந்த ‘பொருள்’ ஆவார். இருவருள் எவர் முந்துவர் என்பதை நாமே வகுத்துரைத்தல் வேண்டும். ஜாவா மொழியில், பொருளுக்கு இயல்பாய் உரிய வரிசையைக் ‘கம்பேரபிள்’ என்பர். வேண்டும்போது வெளியிலிருந்து தரும் வரிசை ‘கம்பேரேட்டர்’. முதல்வர் முந்தினால் குறை எண், பிந்தினால் மிகை எண், ஒத்தால் சுழி, விடை அவ்வளவே. வீரமாமுனிவரும் 1732-இல் தம் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகவே வகுத்தார்.

பெயரை ஒப்பிடுக என்று மட்டும் மொழிந்தது நம் பிழை. யூனிகோடு எண்வரிசையில் நகரத்தை அடுத்தே னகரம் வருகிறது. புள்ளியோ எல்லா எழுத்துக்கும் பின் நிற்கிறது. தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைக் கொடுத்தபின் கண்ணன் தம் இடம் பெற்றார்.

2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய பதிவேட்டிலோ காளத்தி அன்பரும் சித்தூர் மாவட்டத்தவரே! திருத்தியபின், முதலில் பெயராலும் பிறகு மாவட்டத்தாலும் வரிசைப்படுத்தினோம். சமமானோரின் முந்தைய முறையைக் கலைக்காத வரிசையாக்கத்தை ‘நிலையானது’ என்பர். பைத்தானும், பொருட்பட்டியலுக்கு ஜாவாவும் இவ்வுறுதியைத் தருகின்றன. ஆதலின் மாவட்டத்துக்குள் பெயர்வரிசை கெடவில்லை.

தலைப்பெழுத்தும் எம்மை அலைக்கழித்தது. நம்மவர்க்கு அது தந்தையார் பெயர். தெலுங்கு அன்பர்க்கு வீட்டுப்பெயர். கணிப்பொறிக்கு இரண்டும் ஒன்றே. அதனைத் தனிப் பண்பாகப் பிரித்து வைத்தோம்.

ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர் தந்த இளைஞர் சிலர் உளர். அவர் பெயரில் ழகரமோ ளகரமோ, கணிப்பொறி அறியாது. வாயிலருகே ஒரு தாள் வைத்துள்ளோம். தம் கையாலேயே தமிழில் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம்.