கிடாயை மாற்றுங்கள், பாளையை விட்டுவையுங்கள்



மாசி மாதம் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு செம்மறிக் கிடைக்குப் போயிருந்தேன். நாற்பது பெட்டை, ஒரே கிடாய். ஐந்து வருஷமாய் அதே கிடாய்தான். "குட்டி பிறக்குது சார், ஆனா நிக்க மாட்டேங்குது" என்றார் கீதாரி. போன ஈற்றில் பாதிக் குட்டி போய்விட்டதாம். தடுப்பூசி போட்டாச்சு, குடற்புழு மருந்தும் கொடுத்தாச்சு.

குறை மருந்தில் இல்லை. ஒவ்வோர் உயிரிலும் சில குறைகள் மறைந்து கிடக்கும். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது. தகப்பனே மகளோடும் பேத்தியோடும் சேர்ந்தால், அதே குறை இரு பக்கமிருந்தும் ஒரு குட்டியில் வந்து கூடிவிடும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்ற வேண்டும். ராமநாதபுரம் வெள்ளை ஆடு வைத்திருந்தால் அதே இனக் கிடாயை வேறு ஊரில் வாங்குங்கள். வாங்கியதும் மந்தையில் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டிப் பாருங்கள்.

பட்டாம்பூச்சிக்கும் இதே கதைதான். பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளில் ஒரு வகைப் பட்டாம்பூச்சியை ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். 42 கூட்டங்களில் 7 ஓராண்டுக்குள் அழிந்துபோயின. உறவுக்குள்ளேயே கலந்த கூட்டங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முட்டை பொரிப்பது குறைந்தது, புழு பிழைப்பதும் குறைந்தது. அமெரிக்காவில் புளோரிடாச் சிறுத்தை முப்பதுக்கும் கீழே சுருங்கி, வால் கோணி, இருதயக் கோளாறோடு திரிந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கிடாய் மாற்றுகிற அதே வேலைதான்!

நம் கடற்கரையில் கறுப்பு இறகும் சிவப்பு உடம்புமாய் ஒரு பட்டாம்பூச்சி பார்த்திருப்பீர்கள். கிரிம்சன் ரோஸ் என்பார்கள். ராமேஸ்வரம் தீவில் கூட்டங்கூட்டமாய் அடையும். கடல் தாண்டி இலங்கைப் பக்கமும் போகும். இப்படிப் பறந்து கலப்பதால் அதற்கு இன்னும் நாம் துணை தேடிக் கொடுக்க வேண்டிய நிலை வரவில்லை. ஆனால் போகிற வழியில் முட்டையிடச் செடி வேண்டுமே? அதன் புழு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத்தான் தின்னும். கரிசல் வரப்பில் படர்ந்து கிடக்கும் பாளையை ஆடுகூடத் தொடாது; நாம்தான் களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம். பயிருக்குள் இருந்தால் பிடுங்குங்கள். வரப்பில் இருப்பதை விட்டுவையுங்கள். ஊருக்கு ஊர் செடி அற்றுப்போனால் கூட்டங்கள் தனித்தனியே ஒதுங்கி, அந்தக் கிடையின் கதிக்கு வந்துவிடும்.

கீதாரிக்குக் கிடாயை விற்க மனசில்லை. "பழகின உசிரு சார்" என்றார். விற்க வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். கமுதிப் பக்கம் அவருடைய மச்சான் கிடை போட்டிருக்கிறாராம். இந்தக் கிடாய் அங்கே போனது, அங்கிருந்த கிடாய் இங்கே வந்தது. மச்சான் கிடாய்க்குக் கொம்பு கொஞ்சம் சிறியது என்று அவருக்கு இன்னும் குறைதான்.