சும்மா நிற்பதும் ஒரு வேலைதான்



மாசி மகத்தன்று மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூட்டம் அலைமோதும். தஞ்சோங் கிளிங்கிலிருந்து பேரனோடு வரும் பாட்டி ஒருவர் வரிசையில் நின்றபடி, "சும்மாதானே நிற்கிறேன், கால் ஏன் இப்படிக் கடுக்கிறது?" என்று கேட்கக்கூடும். உண்மையில் அவர் சும்மா நிற்கவில்லை. அவருடைய கெண்டைக்கால் சதை ஓயாமல் உழைக்கிறது.

மனிதன் நிமிர்ந்து நிற்கும்போது உடலின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. பிடித்து இழுக்க ஆளில்லை என்றால் உடல் முன்பக்கம் சாய்ந்துவிடும். கெண்டைக்கால் சதைதான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. கூடாரத்துக் கயிறுபோல அது ஒரே விறைப்பில் நிற்பதாகப் பலர் நினைக்கலாம். 2004-இல் இயன் லோரம், மகனாரிஸ், மார்ட்டின் லேக்கி ஆகிய ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்ட் கருவியால் நிற்பவர்களின் காலைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. உடல் முன்னே சாயும்போது அந்தச் சதை நீளவில்லை, சுருங்கியது. காரணம், சதையைக் குதிகாலோடு சேர்க்கும் தசைநாண் ரப்பர் போல இழுபடுகிறது. அது மட்டும் உடலைத் தாங்காது. ஆகவே சதை வினாடிக்கு இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக இழுத்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடும் சிறுவனின் கை ஓய்வதில்லை அல்லவா? அதே கதைதான்.

எப்போது இழுப்பது என்று சதைக்கு எப்படித் தெரியும்? பாதத்தின் உணர்ச்சி, தசைகளின் உணர்வு, கண், உள்காது ஆகியவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இங்கேதான் ஆபத்து. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியரிடையே இது இன்னும் அதிகம். நாள்பட்ட இனிப்பு நீர் பாதத்தை மரத்துப்போகச் செய்யலாம். அப்படிப்பட்டவர் கண்ணை நம்பியே நிற்கிறார். குளியலறையில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார். இரவில் விளக்கில்லாமல் எழுந்தாலும் அதே நிலைதான். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தோட்டத்தில் விடியலுக்கு முன்பே எழுந்து பால்மரம் சீவி உழைத்தவரும் படுக்கையோடு முடங்க நேரிடலாம்.

இதற்குப் பெரிய செலவில்லை. கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். முடிந்த அளவு, பத்து முறை வரை செய்யலாம். பாதத்தில் புண்ணோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது. குளியலறையில் கைப்பிடியும், இரவில் சிறு விளக்கும் இருக்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது இரத்தத்தோடு பாதத்தையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பெரியவர் தடுமாறினால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயதுக்குத் தடை போட முடியாது. வலுவிழந்த சதைக்குப் பயிற்சி கொடுக்க முடியும்.