நம் ஜகாத் எந்தக் கைக்குப் போய்ச் சேருகிறது?

(ரமளானை முன்னிட்டு நடந்த குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ரமளான் பிறை வானத்தில் தெரிவதற்கு முன்பே நம் செல்போனில் தெரிந்துவிடுகிறது. ஷஃபான் பாதியிலேயே உதவி கேட்டு மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். ஒரு குழந்தையின் படம், ஆஸ்பத்திரிக் கட்டில், கீழே ஒரு க்யூ.ஆர். கோடு. அதை அப்படியே எனக்கு அனுப்பி, “பாய், இது உண்மையா, கொடுக்கலாமா?” என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நம் காசை யாருக்கு, எதைப் பார்த்துக் கொடுப்பது என்று இன்று எல்லோர் முன்னிலையிலும் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில், காசையே பிரித்துக்கொள்ள வேண்டும். ஜகாத் வேறு, ஃபித்ரா வேறு, ஸதகா வேறு. ஜகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. குர்ஆனில் தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனம் எட்டு வகையினரைச் சொல்லிவிட்டது. பரம ஏழை, தேவையுள்ளவர், ஜகாத் வசூலித்துப் பங்கிடும் பணியாளர், உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர், அடிமைத்தளையிலிருந்து மீள வேண்டியவர், கடனில் சிக்கியவர், அல்லாஹ்வின் பாதையில் இருப்பவர், வழிப்போக்கர். பள்ளிவாசலுக்கு ஏ.சி. போடுவதும் மதரஸாவுக்கு மாடி கட்டுவதும் நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி அதற்கு ஜகாத் ஆகாது, ஸதகாவிலிருந்து செய்ய வேண்டும். அதனால் எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் ரசீதில் “ஜகாத்” என்று எழுதச் சொல்லுங்கள். “எல்லாம் ஒரே கணக்குதான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பதில் வந்தால், அங்கே ஜகாத் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஷாஃபிஈ, ஹனஃபி நுணுக்கங்களை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்குப் பார்க்கிறவன், ஃபத்வா கொடுக்கிறவன் அல்ல.

அடுத்தது, கொஞ்சம் கசப்பான விஷயம். நம்மில் பலர் ஜகாத்தைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொண்டு, வாசலில் வரிசையாக நிற்பவர்களுக்கு ஐம்பதும் நூறுமாகக் கொடுக்கிறோம். ஒரு அம்மா ஒரே நாளில் மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் தி.நகரிலும் வரிசையில் நின்றுவிட்டு, மாலையில் பஸ்ஸுக்கும் டீக்கும் போக மீதியோடு வீடு திரும்புகிறார். அடுத்த வருஷமும் அதே வரிசையில் அதே அம்மாவைப் பார்க்கிறோம். அவர் மகளும் கூட வந்து நிற்கிறாள். நாம் கொடுத்ததில் ஹராம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டின் நிலை ஓர் அங்குலம்கூட நகரவில்லையே!

இதையே வேறு மாதிரி யோசியுங்கள். ஒரே தெருவில் இருபது குடும்பங்கள், ஆளுக்கு 5,000 ரூபாய் ஜகாத். மொத்தம் ஒரு லட்சம். அதை ஆயிரம் பேருக்கு நூறு நூறாகவும் கொடுக்கலாம், வட்டிக்கு வாங்கி மூழ்கிக் கிடக்கும் ஒரே ஒரு ஆட்டோ டிரைவரின் கடனை அடைத்து ஆர்.சி. புத்தகத்தை மீட்டும் கொடுக்கலாம். நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேல் கடைசியில் கடனில்தான் போய் நிற்கும். “அரிசி வேண்டும்” என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடகுக் கடைச் சீட்டு நாலைந்து இருக்கும், வாரவட்டிக்காரர் தினமும் வருவார். அரிசி கொடுத்துவிட்டு வந்தால் ஒரு மாதம் பசி ஆறும், ஆனால் வட்டி நிற்காது. எட்டு வகையில் கடனாளியும் ஒருவர் என்பதை நாம் ஏனோ மறந்தே போனோம். கடனை அடைக்கும்போது பணத்தை நேரே கடன் கொடுத்தவரிடம் கட்டி, பத்திரத்தைத் திரும்ப வாங்கி, அந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் சம்மதத்தோடுதான். அது அவர்களுடைய ஹக்கு, நம்முடைய தயவு அல்ல.

உங்கள் சொந்தத்திலேயே இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. ஆனால் தகுதியுள்ள தம்பிக்கு, தங்கைக்கு, மாமி மகனுக்குக் கொடுக்கலாம், இரட்டை நன்மை. ஜகாத் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பெருநாள் காசு மாதிரி கொடுங்கள், அவர் மனம் நோகாது.

இனி அந்த ஆஸ்பத்திரி மெசேஜ். நான் மூன்று கேள்வி கேட்பேன். பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகிறதா, தனிநபர் கணக்குக்குப் போகிறதா? நோயாளியின் பதிவு எண்ணைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் உறுதி செய்ய முடிகிறதா? காப்பீட்டு அட்டை இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும். இந்த அட்டை இல்லாமலே மூன்று லட்சம் கேட்டு ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் மஹல்லாவிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு முதல் உதவி பணம் அல்ல, வரிசையில் கூட நின்று அட்டை வாங்கிக் கொடுக்க ஒரு இளைஞன். அட்டை போக மீதி விழும் செலவுக்கு, மருந்து, சாப்பாடு, கூட இருப்பவரின் கூலி இழப்பு, இதற்கெல்லாம் நம் காசு போகட்டும். கல்லூரிக் கட்டணம் கேட்டு வரும் பெண் பிள்ளையிடமும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறோம்.

“சரி பாய், எந்த அமைப்பை நம்புவது?” என்பீர்கள். பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். நமக்குப் பக்கத்திலேயே இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டும் நம் சமுதாயத்தார் நடத்துவதல்ல. வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் முயன்று, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார்கள். டாக்டர் சாந்தா அடுத்த வருஷம் சேர்ந்து, 2021இல் மறையும்வரை அந்த வளாகமே வீடு என்று இருந்தார். காசு இல்லை என்று அங்கே நோயாளியைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற பெயர் இத்தனை வருஷத்தில் எடுத்த பெயர். நம் ஆட்கள் எத்தனை பேர் அங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொன்னால் இந்த ஹாலில் பாதிக் கை உயரும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஸதகா கொடுக்க என்ன தயக்கம்? ஜகாத் என்றால், தகுதியுள்ள ஒரு நோயாளியின் பில்லைக் கட்டுங்கள். மெஷின் வாங்க வேண்டும் என்றால் அது ஸதகாவில்.

இரண்டாவது, மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது. 1795இல் கட்டிய நம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில், ரமளான் முழுவதும் நோன்பு திறப்பதற்கான உணவை அவர்கள் மயிலாப்பூரில் சமைத்து வேனில் கொண்டுவருகிறார்கள். தொண்டர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள். தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. நான் பார்ப்பது என்னவென்றால், ஒரே வேலை, ஒரே இடம், மஃரிபுக்கு முன் தட்டு தயார். இந்த ஒழுங்கு எந்த அமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பத்து வேலையை நோட்டீஸில் போட்டு, ஒன்றையும் முடிக்காத அமைப்புகள் எத்தனை!

மாவட்டம்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருப்பதும் பலருக்குத் தெரியாது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தையல் மெஷின், சிறு தொழில் என்று போகும். நாம் ஒரு ரூபாய் போட்டால் அரசும் தன் பங்குக்குப் போடுகிறது.

வெளியூர் மதரஸாக்களிலிருந்து ரசீதுப் புத்தகத்தோடு வரும் சஃபீர்களைப் பற்றிக் கேட்டார்கள். தயவுசெய்து அவர்களை அவமதிக்காதீர்கள். நோன்போடு வெயிலில் வருகிறார்கள். உட்காரச் சொல்லி, மதரஸாவின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், சென்ற வருட ஆடிட் அறிக்கை உண்டா என்று கேளுங்கள். அவருக்குச் சம்பளமா, வசூலில் கமிஷனா என்றும் கேட்கலாம். உண்மையான மதரஸா இதற்கெல்லாம் கோபப்படாது.

நிர்வாகச் செலவைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. “நூற்றுக்கு நூறும் ஏழைக்கே” என்று போட்டால் நம் மக்கள் உடனே மயங்கிவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் விசாரிப்பவருக்குப் பஸ் காசு வேண்டாமா? கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் வேண்டாமா? ஜகாத் பணியாளருக்கே எட்டில் ஒரு இடம் கொடுத்த மார்க்கம் நம்முடையது. செலவே இல்லை என்பவர் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை. அதற்காக வசூலில் பாதி ஆபீஸுக்குப் போனாலும் ஏற்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் நிர்வாகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு அது 50 சதவீதம். உள்நாட்டு அமைப்புக்கும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக் கேட்கலாம்.

வரி விஷயம் சுருக்கமாக. 80ஜி என்று பழகிப்போன கழிவுக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பயனில்லை, செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கு மட்டும் என்று இயங்கும் அறக்கட்டளைக்குப் பொதுவாக 80ஜி கொடுப்பதில்லை. “ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கே”, “80ஜி உண்டு” என்று ஒரே நோட்டீஸில் இரண்டையும் பார்த்தால், எப்படிப் பொருந்துகிறது என்று கேளுங்கள், பதில் சொல்லட்டும்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகன் அனுப்பினால் வரும். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. நம்மிடம் அந்தப் பதிவு இல்லை, ஆகவே அனுப்பாதீர்கள். வாப்பா பெயரில் மாற்றிப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம்.

கடைசியாக, 2015 டிசம்பர். அடையாறு பொங்கி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கியபோது பள்ளிவாசல் கதவுகள் எல்லோருக்கும் திறந்திருந்தன. யாரும் யாரையும் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நாட்களில் வந்து குவிந்த பழைய துணி மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். கிழிந்த சட்டை, ஜிகினா வைத்த பழைய புடவை. ஈரத்தில் கிடந்து நாறியது. சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரங்களிலும் இதையேதான் பார்த்தோம். தண்ணீர் வடிந்த வீட்டுக்கு அன்று வேண்டியிருந்தது பாய், ஸ்டவ், சர்க்கரை நோய் மாத்திரை, நனைந்த சான்றிதழ்களுக்கு நகல், வண்டி ரிப்பேருக்குப் பணம். அடுத்த மழைக்கு முன் மஹல்லாவில் வயதானவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள், தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் பட்டியலைத் தயார் செய்ய வேண்டும். அதற்கு ஐந்து இளைஞர்கள் தேவை. பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுங்கள்.

சென்ற வருட வரவு செலவுக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்தோடு, வாசல் மேசையில் இருக்கிறது. ஜகாத் கணக்கு பச்சை அட்டை, பொதுக் கணக்கு வெள்ளை அட்டை. உதவி பெற்றவர்களின் பெயர் அதில் இருக்காது, தொகையும் காரணமும் இருக்கும். புரட்டிப் பாருங்கள், புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. தொழுதுவிட்டு வந்து பொருளாளரும் நானும் பதில் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.